வீட்டு சர்வரை அமைப்பதும் தானாக இயங்கச் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு சிறிய கணினியை இரவும் பகலும் ஓடவிட்டு, அதில் கட்டற்ற மென்பொருள்களை நிறுவி, புகைப்படச் சேமிப்பு, கோப்புப் பகிர்வு, விளம்பரத் தடுப்பு போன்ற வேலைகளைச் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. லினக்ஸ் டெர்மினலில் ஓரளவு பழக்கம் உண்டு என்று வைத்துக்கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பெட்டி நாளையே எரிந்துபோனாலும் வேறொரு பெட்டியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மீண்டும் எழுப்ப முடிய வேண்டும் என்பதுதான் இந்தப் பதில்களில் பலவற்றுக்கும் அடிப்படை.

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா, புது மெஷின் வாங்கணுமா?

போதும். 64 பிட் பிராசசர், 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி ஆகியவை இருந்தால் ஒரு குடும்பத்துக்கான வேலைகளை அது தாராளமாகச் செய்யும். லேப்டாப்பின் பேட்டரியே சிறிய யுபிஎஸ் ஆகவும் பயன்படும். பேட்டரி சற்றேனும் உப்பியிருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள். மூடியை மூடியதும் கணினி உறங்கிவிடாதபடி அமைப்பை மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘சர்வர் காணாமல் போய்விட்டது’ என்று சொல்வதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய இன்டெல் கணினிகளைப் பரிந்துரைப்பேன். ராஸ்பெர்ரி பை நல்ல கருவிதான். ஆனால் எஸ்டி கார்டிலிருந்து அதை ஓட்டினால், ஓயாமல் எழுதப்படும் பதிவுகளால் கார்டு தேய்ந்துவிடும். எஸ்எஸ்டி இணைத்தே பயன்படுத்த வேண்டும். மேலும், ராஸ்பெர்ரி பை 5-இல் வீடியோவை மறுகுறியாக்கம் செய்வதற்கான வன்பொருள் வசதி இல்லை. இன்டெல் சிப்புகளில் உள்ள குவிக்சிங்க் அந்த வேலையை எளிதாகச் செய்கிறது. ஜெல்லிஃபின் போன்ற வீடியோ சர்வர் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

கணக்கு எளியது. 10 வாட் இழுக்கும் சிறிய கணினி 60 நாட்கள் இடைவிடாமல் ஓடினால் 14.4 யூனிட் ஆகும். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே காலத்தில் 86.4 யூனிட் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். ஏற்கெனவே அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீட்டுக்கு இந்த 86 யூனிட், தன் அளவுக்கு மீறிய செலவை வைத்துவிடும். பிளக்கில் பொருத்தும் வாட் மீட்டரைக் கொண்டு அளந்துவிட்டு முடிவெடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் அதிகபட்ச அளவைத்தான் சொல்கிறது. சும்மா இருக்கும்போது இழுக்கும் அளவை அது சொல்வதில்லை.

எந்த லினக்ஸ் போடலாம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

டெபியனின் நிலையான பதிப்பு. 1993-இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியானது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் ஏற்கெனவே பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். ரெட் ஹேட் நிறுவனத்தின் பிடியில் இருந்த சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸின் 8-ஆம் பதிப்பை 2029 வரை நம்பி நிறுவியவர்களுக்கு, அது 2021 இறுதியிலேயே முடிந்துவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. யார் நடத்துகிறார்கள் என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே போதிய காரணம்.

டெபியனில் மென்பொருள்கள் பழையவையாக இருக்கின்றன என்று குறை சொல்வார்கள். அந்தப் பழமை சில சமயம் காப்பாற்றும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி ஒன்றைச் செருகியிருந்தது வெளிப்பட்டது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அந்தப் பதிப்புகள் வந்துவிட்டன; நிலையான பதிப்பை அவை எட்டவில்லை.

டாக்கர் கட்டாயமா? நேரடியாக இன்ஸ்டால் செய்தால் என்ன தப்பு?

தப்பில்லை, ஆனால் இரண்டு செயலிகள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்கும் நாளில் சிக்கல் தொடங்கும். டாக்கர் ஒவ்வொரு செயலியையும் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டுகிறது. அந்தக் கன்டெய்னரில் ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டியவற்றைத் தன்னோடே கொண்டுவருகிறது. அதைவிடப் பெரிய நன்மை என்று நான் கருதுவது வேறு: எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்தப் போர்ட் (வலையமைப்பில் செயலியை அணுகும் வாயில் எண்), தரவு எந்தக் கோப்புறையில் என்ற எல்லாமே காம்போஸ் என்ற ஒரே உரைக் கோப்பில் எழுத்தாக நிற்கின்றன. டாக்கர் வேண்டாம் என்பவர்கள் பாட்மேனைப் பயன்படுத்தலாம். அதற்குப் பின்னணியில் ரூட் எனும் முழு நிர்வாக உரிமையோடு எப்போதும் ஓடும் நிரல் (டீமன்) தேவையில்லை.

எஸ்எஸ்எச், விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வரும் மறையாக்கப்பட்ட வழி), பேக்கப் கருவி ஆகிய மூன்றையும் மட்டும் நேரடியாகவே நிறுவுங்கள். டாக்கர் எழும்பாத நாளிலும் அவை வேலை செய்தாக வேண்டும். பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் ஒரே கணினிக்கும் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கற்றுக்கொள்வது நோக்கமென்றால் போடலாம். வீட்டுத் தேவைக்கு வேண்டாம்.

முதலில் எதை நிறுவுவது?

இழந்தாலும் பரவாயில்லை என்ற தரவுள்ள ஒன்றை. விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோலும் ஜெல்லிஃபினும் அதற்கு ஏற்றவை. குடும்பப் புகைப்படங்களுக்கான இம்மிச்சையோ கோப்புகளுக்கான நெக்ஸ்ட்கிளவுடையோ, கீழே வரும் பேக்கப் பற்றிய பதில்களில் உள்ளவற்றைச் செய்து முடித்த பிறகே தொடங்குங்கள்.

ஆட்டோமேஷன் என்றால் ஷெல் ஸ்கிரிப்ட்தானே? ஒரே ஒரு சர்வருக்கு ஆன்சிபிள் எதற்கு?

ஷெல் ஸ்கிரிப்ட்டும் தானியங்கல்தான். ஆனால் அது செயல்களின் வரிசை. கணினிகளை அமைத்துத்தரும் கருவியான ஆன்சிபிளுக்கு நாம் எழுதித்தரும் ப்ளேபுக் என்ற கோப்பு, இறுதி நிலையின் விவரிப்பு. ஓர் அமைப்புக் கோப்பின் முடிவில் ஒரு வரியைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட்டை இரண்டு முறை ஓட்டினால் அந்த வரி இரண்டு முறை ஏறிவிடும். ‘இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்’ என்று ப்ளேபுக்கில் எழுதினால், முதல்முறை அது சேர்க்கும். அடுத்த முறை ஏற்கெனவே இருப்பதைக் கண்டு விட்டுவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றே என்ற இந்தப் பண்பு இருப்பதால்தான், பாதியில் நின்றுபோன நிறுவலை முதலிலிருந்து அச்சமின்றி மீண்டும் ஓட்ட முடிகிறது. எழுதும்போது அந்தப் பண்பைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது: ஆன்சிபிளுக்குள்ளேயே வெறும் ஷெல் கட்டளைகளாக அடுக்கினால் ஸ்கிரிப்ட்டின் குறைகள் அப்படியே திரும்ப வந்துவிடும்.

2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட இந்தக் கருவிக்கு, நிர்வகிக்கப்படும் கணினியில் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை; எஸ்எஸ்எச் வழி உள்ளே போக முடிந்து, பைத்தான் இருந்தால் போதும். எதையும் மாற்றாமல் என்னென்ன மாறும் என்று மட்டும் காட்டும் சோதனை முறையும் அதில் உண்டு.

ஒரே சர்வருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தாது என்பது உண்மை; எழுதுவதற்குக் கையால் செய்வதைவிட அதிக நேரமே ஆகும். நினைவில் நிற்காது என்பதற்காகவே எழுதுகிறோம். மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் கணினியில், அன்று எந்தக் கோப்பில் எதை ஏன் மாற்றினோம் என்பதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதே சமயம், பழக்கமில்லாத ஒரு மென்பொருளை எடுத்த எடுப்பில் ப்ளேபுக்காக எழுதவும் வேண்டாம். தற்காலிக மெய்நிகர் கணினி ஒன்றில் முதலில் கையால் நிறுவிப் பாருங்கள். அது எப்படி நடந்துகொள்கிறது என்று புரிந்த பிறகு எழுதுங்கள்.

ப்ளேபுக்கில் என்னென்ன இருக்க வேண்டும்?

டெபியனைக் குறைந்தபட்ச அளவில் நிறுவி, எஸ்எஸ்எச் வேலை செய்வது வரைதான் கைவேலை. அதற்குப் பின் எல்லாமே ப்ளேபுக்கில் வர வேண்டும்: பயனர் கணக்கு, எஸ்எஸ்எச் சாவி, கடவுச்சொல் உள்நுழைவை முடக்குதல், நேர மண்டலம், பாதுகாப்பு மேம்படுத்தல்கள், ஃபயர்வால், டிஸ்க்குகளை மவுன்ட் செய்தல், டாக்கர், ஒவ்வொரு செயலியின் காம்போஸ் கோப்பு, பேக்கப் அட்டவணை, கண்காணிப்பு. சாவி வழி உள்ளே போக முடிகிறது என்று வேறொரு டெர்மினலில் உறுதிசெய்த பிறகே கடவுச்சொல் உள்நுழைவை முடக்குங்கள்.

இவை அனைத்தும், கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் இருக்கட்டும். அதன் பிரதி அந்தச் சர்வருக்கு வெளியேயும் இருந்தாக வேண்டும். தன்னை மீட்பதற்கான குறிப்பைத் தன்னுள்ளேயே மட்டும் வைத்திருக்கும் கணினியால் பயனில்லை. அவசரத்தில் சர்வரில் நேரடியாக எதையாவது திருத்தினால், அன்றைக்கே அதை ப்ளேபுக்கிலும் ஏற்றிவிடுங்கள். இந்த ஒழுங்கு தவறினால், அடுத்த முறை ப்ளேபுக் ஓடும்போது உங்கள் திருத்தத்தை அது சத்தமில்லாமல் அழித்துவிடும்.

கிட்டில் போட்டால் பாஸ்வேர்டெல்லாம் வெளியே போய்விடாதா?

அப்படியே போட்டால் போய்விடும். ஆன்சிபிள் வால்ட், கடவுச்சொற்கள் உள்ள கோப்பை மறையாக்கம் செய்த நிலையில் களஞ்சியத்தில் வைக்க உதவும். ஏற்கெனவே தெரியாமல் ஏற்றிவிட்டவர்கள், அடுத்த கமிட்டில் கோப்பை நீக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

வால்ட்டைத் திறக்கும் சொல்லை எங்கே வைப்பது என்பதில் ஒரு வட்டச் சிக்கல் உண்டு. வால்ட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தை இதே சர்வரில் ஓட்டி, அதற்குள்ளேயே வால்ட்டின் சொல்லையும் பேக்கப்பின் சொல்லையும் வைத்தால், சர்வர் போகும் நாளில் மூன்றும் சேர்ந்து போகும். அவ்விரண்டு சொற்களையும் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

அப்டேட்டையும் தானாக ஓடவிடலாமா?

இயங்குதளத்துக்கு ஆம், செயலிகளுக்கு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரே பதிப்புக்குள் பிழையை மட்டும் நீக்குபவை. அவற்றைத் தானாக ஏற்றும் கருவி டெபியனிலேயே இருக்கிறது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறியிருந்தால் அதிகாலையில் மறுதொடக்கம் செய்யும்படியும் அமைக்கலாம். ஆனால் டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால், மறுதொடக்கத்தின்போது கடவுச்சொல்லுக்காகக் கணினி காத்து நிற்கும். தொலைவிலிருந்து அதைத் தட்டச்சிட வழி செய்யாமல் தானியங்கி மறுதொடக்கத்தை இயக்காதீர்கள்.

செயலிகளின் நிலை வேறு. காம்போஸ் கோப்பில் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று விட்டால், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் 16-ஆம் பதிப்பு ஒருநாள் 17 ஆக மாறும். 16 எழுதிய தரவுக் கோப்புறையை 17 திறக்காது. தரவுத்தளம் எழும்பாமல் நிற்கும். நெக்ஸ்ட்கிளவுடில் முதன்மைப் பதிப்பு ஒன்றைத் தாவி அடுத்ததற்குப் போக முடியாது. ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். ஆகவே எண்ணை எழுதி நிறுத்துங்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். பேக்கப் எடுத்த பிறகு எண்ணை மாற்றி ப்ளேபுக்கை ஓட்டுங்கள்.

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன். வெளியிலிருந்து திறக்கவே இல்லை. ஏன்?

ரவுட்டரின் பக்கத்துக்குப் போய், இணையப் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். 2012-இல் இந்த ஏற்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதி அது. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும், அதற்கு வெளியே நிறுவனத்தின் கருவி மூடியே இருக்கும். சில நிறுவனங்கள் இதற்கு 10-இல் தொடங்கும் தனி முகவரிகளைத் தருவதும் உண்டு. எப்படியிருந்தாலும், ரவுட்டர் காட்டும் முகவரியும் வெளித்தளங்கள் காட்டும் முகவரியும் வேறுபட்டால் முடிவு ஒன்றுதான்.

கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி பெறுவது ஒரு வழி. இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் அதன் வழியாக வருவது இன்னொன்று. மாத வாடகைக்குச் சிறிய மேகக் கணினி ஒன்றை எடுத்து, வீட்டு சர்வரிலிருந்து அதற்கு ஒயர்கார்ட் என்ற விபிஎன் வழியாகச் சுரங்கம் அமைப்பது மூன்றாவது. இணைப்பு உள்ளிருந்து வெளியே கிளம்புவதால் அது தடைபடாது. 25 விநாடிக்கு ஒருமுறை ஓர் உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி அமைத்தால் சுரங்கம் மூடிக்கொள்ளாது. இவை எல்லாம் பெரிய வேலை என்பவர்களுக்கு, ஒயர்கார்டைக் கொண்டு கணினிகளைத் தானே இணைத்துத்தரும் டெயில்ஸ்கேல் சேவை எளிது. அதன் ஒருங்கிணைப்பு சர்வர் கட்டற்றதன்று. அது உறுத்தினால் ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மாற்று உண்டு.

பொது முகவரி கிடைத்தாலும் செயலிகளின் போர்ட்களைத் திறந்துவைக்க வேண்டாம். ஒயர்கார்டின் போர்ட் ஒன்று போதும். சாவி இல்லாமல் வரும் பொட்டலங்களுக்கு அது பதிலே அனுப்பாது என்பதால், துழாவுகிறவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. 2020-இல் வெளியான லினக்ஸ் 5.6 முதல் அது கெர்னலிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் மட்டும் இருக்கும் சர்வருக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். சொந்தமாக ஒரு டொமைன் இருந்தால், இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் டிஎன்எஸ் (தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் அமைப்பு) வழிச் சரிபார்ப்பைப் பயன்படுத்தலாம். டொமைனின் டிஎன்எஸ் பதிவில் அவர்கள் சொல்லும் வரியைச் சேர்ப்பதே உரிமைக்குச் சான்று. எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. கேடி போன்ற வெப் சர்வர்கள், டிஎன்எஸ் நிறுவனத்துக்கான செருகுநிரல் இருந்தால், இதைத் தாமே செய்து புதுப்பித்தும் கொள்கின்றன. சான்றிதழ்களின் ஆயுள் சுருங்கிவருவதால் கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது: 2029 மார்ச்சுக்குள் அதிகபட்ச ஆயுளை 47 நாட்களாகக் குறைக்கும் தீர்மானம் 2025-இல் நிறைவேறியது. காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டு மின்னஞ்சலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது.

வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் ஏறும். உங்கள் உட்பெயர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டாமென்றால், டொமைன் முழுவதற்கும் பொருந்தும் வைல்ட்கார்டு சான்றிதழ் ஒன்றை வாங்குங்கள்.

யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் போர்ட் மூடியிருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் இன்னொரு கணினியிலிருந்து திறக்கிறதே?

அந்தப் போர்ட்டை டாக்கர் வெளியிட்டிருக்கும். ஒரு கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தானே கெர்னலின் பொட்டல வடிகட்டியில் விதிகளை எழுதுகிறது. யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடும் முன்பே அவை பொட்டலத்தைக் கன்டெய்னருக்குத் திருப்பிவிடுகின்றன. இரண்டு கருவிகளும் தத்தம் அளவில் சரியாகவே நடந்துகொள்கின்றன. ஒன்றை மற்றொன்று அறியாது.

காம்போஸ் கோப்பில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி) சேர்த்து, அதே கணினியில் ஓடும் வெப் சர்வர் வழியாக மட்டுமே செயலியை அணுகும்படி வைப்பதே தீர்வு. தரவுத்தளங்களின் போர்ட்டை வெளியிடவே வேண்டாம். ஒரே டாக்கர் வலையமைப்பில் உள்ள கன்டெய்னர்கள் தமக்குள் பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளும். ஃபயர்வாலின் அறிக்கையை நம்பாமல், திறந்திருக்கும் போர்ட்களைத் தேடிக்காட்டும் என்மேப் கருவியை வேறொரு கணினியிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

பை-ஹோல் நின்றால் வீட்டில் நெட்டே நின்றுவிடுகிறது. இரண்டாவது டிஎன்எஸ் ஆக வெளி முகவரி ஒன்றைக் கொடுக்கலாமா?

கொடுத்தால் நெட் நிற்காது. விளம்பரத் தடுப்பும் ஒழுங்காக இருக்காது. முதலாவது செத்தால் மட்டுமே இரண்டாவதைக் கேட்பார்கள் என்ற எண்ணம் தவறு. பல கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கின்றன. இரண்டாவதும் பை-ஹோலாகவே இருக்கட்டும். பழைய ராஸ்பெர்ரி பை ஒன்று அதற்குப் போதும், ப்ளேபுக் ஏற்கெனவே இருப்பதால் அதை அமைக்கப் புதிய வேலையும் இல்லை. வீட்டில் உள்ளவர்களின் பொறுமையை இந்தச் சோதனைகளில் செலவழிக்க வேண்டாம் என்பது தனிப்பட்ட அறிவுரை.

இரண்டு டிஸ்க்கில் ரெய்டு போட்டிருக்கிறேன். இதற்குமேல் பேக்கப் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை தொடர வேண்டும் என்பதற்கானது ரெய்டு. நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை இரண்டாவது டிஸ்க்கும் அதே நொடியில் அழித்துவிடும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய விதிதான் இன்றும் சரி.

ரெஸ்டிக் என்ற கருவியைப் பரிந்துரைக்கிறேன். மாறிய பகுதிகளை மட்டும் சேர்க்கும். எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே எழுதும். ஆகவே உறவினர் வீட்டில் வைத்த கணினிக்கும் அனுப்பலாம். முதல் பிரதியை மட்டும் ஒரு டிஸ்க்கில் எடுத்துக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் பதிவேற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதன் கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது; மேலே சொன்ன காகிதத்தில் இதுவும் ஏறட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது ஆபத்து. பாதி எழுதிய நிலை நகலில் சிக்கினால், மீட்கும்போது அது திறக்காது. தரவுத்தளத்தின் சொந்த ஏற்றுமதிக் கட்டளையால் முதலில் ஒரு கோப்பாக இறக்கி, பிறகு ரெஸ்டிக்கை ஓட்டும்படி ப்ளேபுக்கில் வரிசைப்படுத்துங்கள்.

பேக்கப் தினமும் ஓடுகிறது. அது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மீட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரெஸ்டிக்கின் சரிபார்ப்புக் கட்டளை வழக்கமாகக் களஞ்சியத்தின் கட்டமைப்பை மட்டுமே சோதிக்கிறது. தரவையும் படித்துப் பார்க்கும்படி தனியே சொல்ல வேண்டும். மொத்தமாகப் படிக்க நேரமாகுமென்றால், ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியைப் படிக்கும்படி அமைக்கலாம்.

தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சலை மட்டும் நம்புவதில் ஓர் ஓட்டை இருக்கிறது: கணினியே ஓடவில்லை என்றால் மின்னஞ்சலும் வராது, அந்த அமைதி நலமாக இருப்பதுபோலவே தோன்றும். இதைத் தலைகீழாக அமையுங்கள். வேலை முடிந்ததும் வெளியில் உள்ள ஒரு சேவைக்குச் செய்தி போகட்டும். குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும். ஹெல்த்செக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. அதை இதே சர்வரில் ஓட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முழுச் சோதனை என்பது இதுதான்: மெய்நிகர் கணினி ஒன்றில் வெறும் டெபியனை நிறுவுங்கள், ப்ளேபுக்கை ஓட்டுங்கள், பேக்கப்பிலிருந்து தரவை மீளுங்கள், போன வாரம் எடுத்த புகைப்படம் ஒன்றைத் தேடித் திறந்து பாருங்கள். முதல்முறை இது தடையில்லாமல் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கையால் உருவாக்கிய ஒரு கோப்புறை விடுபட்டிருக்கும். ஒரு கோப்பின் உரிமையாளர் எண் மாறியிருக்கும். பழைய கணினியில் மட்டுமே இருந்த சாவி ஒன்று தேவைப்படும். ஒவ்வொன்றையும் ப்ளேபுக்கில் சேர்த்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யாதவர்களிடம் இருப்பது ஆட்டோமேஷன் அன்று, ஆட்டோமேஷன் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே.

ராத்திரி கரண்ட் போய்விட்டால் க்ரானில் வைத்த வேலை ஓடுவதே இல்லை. என்ன செய்யலாம்?

குறித்த நிமிடத்தில் கணினி அணைந்திருந்தால் க்ரான் அந்த வேலையை விட்டுவிடும். லினக்ஸில் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற அமைப்பை இயக்கினால், அடுத்து எழும்பியவுடன் விடுபட்ட வேலை ஓடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்பும்படி பயாஸிலும் மாற்ற வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியிலேயே சில கணினிகள் அணைந்துவிடும் என்பதால் தனி யுபிஎஸ் வைப்பது நல்லது. யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ் என்றால், பேட்டரி தீரும் முன் நட் என்ற கருவி கணினியை ஒழுங்காக அணைக்கும்.

இதோடு சேர்ந்த நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. எழும்பும்போது வெளி டிஸ்க் மவுன்ட் ஆகாமல் போனால், அதன் பெயரில் காலியாக இருக்கும் கோப்புறைக்குள் பேக்கப் எழுதத் தொடங்கி, முதன்மை டிஸ்க்கை நிரப்பிவிடும்; பிறகு எல்லாச் செயலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். அந்த மவுன்ட் இருந்தால் மட்டுமே வேலை தொடங்கலாம் என்ற நிபந்தனையை சிஸ்டம்-டியில் எழுதிவிட்டால் இது நேராது.

தமிழ்ப் பெயர் வைத்த சில கோப்புகள் மட்டும் காப்பி ஆக மறுக்கின்றன. விண்டோஸில் நன்றாகத்தானே இருந்தன?

பெயரின் நீளத்தைப் பாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ‘கி’ என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடுகள், ஆறு பைட்டுகள். ஆக 85 குறியீடுகளுக்குமேல் போனால் பெயர் ஏற்கப்படாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 என்ற அதே எண்ணை வேறு அலகில் எண்ணுவதால் அங்கே நீண்ட பெயர்கள் இடம்பிடித்துவிடுகின்றன.

மேக்கிலிருந்து வந்த கோப்புகளில் வேறு கோளாறு வரலாம். ‘சொல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே; லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிகின்றன என்பவர்கள் பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றும் கருவியை ஒருமுறை ஓட்டினால் போதும்.

தமிழ் ரசீது, பத்திரமெல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்தால் தேட முடியுமா?

அச்சிட்டவை என்றால் பெரும்பாலும் முடியும். கையெழுத்து என்றால் முடியாது. பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் இதற்கு ஏற்ற மென்பொருள். உள்ளே டெசராக்ட் என்ற எழுத்துணரி வேலை செய்கிறது. அதில் தமிழ் உண்டு, ஆனால் பேப்பர்லெஸ்ஸின் டாக்கர் படிமத்தோடு வரும் மொழிகளில் தமிழ் இல்லை. கூடுதல் மொழியாகத் தமிழை நிறுவும்படியும், தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கும்படியும் காம்போஸ் கோப்பில் இரண்டு அமைப்புகளை எழுத வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உருவான பிடிஎஃப்கள் இங்கே இடறும். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணம் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ஆவணத்தில் ஏற்கெனவே உரை இருக்கிறது என்று கண்டால் பேப்பர்லெஸ் எழுத்துணரியை ஓட்டாமல் விட்டுவிடும். அத்தகைய கோப்புகளுக்கு, இருக்கும் உரையைப் பொருட்படுத்தாமல் படமாக மாற்றிப் படிக்கும் கட்டாய முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மெயில் சர்வரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வீட்டு இணைப்புகளில் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். திறந்திருந்தாலும் வீட்டு முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் ஏற்பதில்லை.

இன்று ஓப்பன் சோர்ஸாக இருப்பது நாளை மூடப்பட்டால்?

நடந்திருக்கிறது. எம்பி என்ற வீடியோ சர்வரின் மூலநிரல் மூடப்பட்டபோது, 2018 டிசம்பரில் அதன் கடைசிக் கட்டற்ற பதிப்பிலிருந்து ஜெல்லிஃபின் பிரிந்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் உரிமத்தை மாற்றியதும் அதிலிருந்து வால்கீ கிளைத்தது. அடுத்த ஆண்டே ரெடிஸ் கட்டற்ற உரிமம் ஒன்றையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. பலர் நம்பியிருக்கும் திட்டத்துக்குக் கிளை பிறந்துவிடுகிறது. எனவே, தரவை வழக்கமான கோப்புகளாகவோ பொதுவான தரவுத்தளத்திலோ வைத்திருக்கும் செயலிகளையே தேர்ந்தெடுங்கள். பதிப்பு எண்ணை நிறுத்திவைத்திருப்பதால், மாறுவதற்கு அவகாசமும் இருக்கும்.

நான் ஊரில் இல்லாத சமயத்தில் சர்வர் நின்றுவிட்டால், அல்லது எனக்கே ஏதாவது ஆகிவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும். முதலாவதற்கு ரவுட்டரின் அருகில் ஒட்டிய ஒரு தாள் போதும்: எந்தப் பெட்டியை அணைத்துப் போடுவது, அப்போதும் நெட் வராவிட்டால் ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பை எப்படித் தானியங்கி நிலைக்கு மாற்றுவது. பை-ஹோலைச் சுற்றிப்போக இந்தக் கடைசி வரிதான் தேவை.

இரண்டாவதற்கு, ஆன்சிபிளும் ரெஸ்டிக்கும் தெரியாத ஒருவரால் திறக்க முடிகிற ஒரு பிரதி வேண்டும். புகைப்படங்களையும் முக்கிய ஆவணங்களையும் மறையாக்கம் செய்யாமல், ஆண்டுவாரியான சாதாரணக் கோப்புறைகளாக, விண்டோஸ் படிக்கக்கூடிய ஒரு வெளி டிஸ்க்கில் மாதம் ஒருமுறை எழுதும்படி டைமர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இம்மிச்சில் படங்களை ஆண்டு, மாதம் என்று கோப்புறைகளில் அடுக்கும் அமைப்பை இயக்கியிருந்தால் இது வெறும் நகலெடுப்புதான். மறையாக்கம் இல்லாததால் அந்த டிஸ்க் பூட்டுள்ள அலமாரியில் இருக்க வேண்டும். அது எது, எந்த அலமாரியில் என்பதை வீட்டில் இன்னொருவருக்காவது காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை லேப்டாப்பில் செருகித் திறக்கச் சொல்லுங்கள்.